ஹால்ட் வண்டி எங்கே போகிறது?

கார் வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மலையில் அமைதி கிடைக்கும் வாய்ப்பு உங்களைவிட பஸ்ஸில் போகிற எங்களுக்குத்தான் அதிகம். கார் என்றால் நிறுத்த இடம் வேண்டும். நிறுத்த இடம் இருக்கிற எல்லா வளைவிலும் ஏற்கெனவே பத்து கார் நிற்கும். பத்து கார் நின்றால் மிளகாய் பஜ்ஜிக் கடை வந்துவிடும், மக்காச்சோளம் சுடுகிறவர் வந்துவிடுவார், ஒரு குடும்பம் ஸ்பீக்கரை எடுத்து வெளியே வைக்கும். இதற்குத்தான் ‘வியூ பாயிண்ட்’ என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார்கள். மலையேறுவதில் எனக்குத் தெரிந்த முதல் விதி, கார் நிறுத்த இடமில்லாத ஊராகத் தேடிப் போவது.

நான் சேலத்துக்காரன். ஏற்காடு, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை எல்லாம் சுற்றுவட்டத்திலேயே கிடக்கின்றன. கூடாரம், தூங்கும் பை, ஒரு முதுகுப் பை, இவ்வளவுதான் சொத்து. “வண்டி இல்லாம எப்படிடா இந்த இடமெல்லாம் கண்டுபிடிக்கிற?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கண்டுபிடிப்பது நானில்லை. போக்குவரத்துக் கழகம் ஐம்பது வருஷமாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் போய், “ஹால்ட் வண்டி எங்கே போகுது?” என்று கேட்பதுதான் என் வேலை.

நகரத்திலேயே வளர்ந்தவர்களுக்கு ஹால்ட் வண்டி தெரியாமல் இருக்கலாம். சாயங்காலம் டவுனிலிருந்து கிளம்பி, இருட்டும் நேரத்துக்கு ஏதோ ஒரு கடைக்கோடி ஊரில் போய் நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே ராத்திரி தங்குவார்கள். விடியற்காலையில் அதே வண்டி பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால் கேன், சந்தைக்குப் போகிற மூட்டை, ஆஸ்பத்திரிக்குப் போகிற பாட்டி என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு டவுனுக்கு இறங்கும்.

இந்த ஒரு தகவலுக்குள் நமக்கு வேண்டியது முக்கால்வாசி அடங்கியிருக்கிறது. ஹால்ட் வண்டி நிற்கிற ஊர், பாதையின் முடிவு. அதற்கு மேல் தார்ச்சாலை பெரும்பாலும் கிடையாது, ஆகவே கார்க் கூட்டமும் கிடையாது. டிரைவரும் கண்டக்டரும் ராத்திரி சாப்பிட்டாக வேண்டும், ஆகவே சோறோ தோசையோ கிடைக்கும். ஐந்து மணிக்கு வண்டி எடுக்கிறார்கள் என்றால் நாலரைக்கு ஒரு டீக்கடை திறக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் காய்ச்சல் அடித்தாலும் கால் சுளுக்கினாலும் இறங்கிப் போக ஒரு வண்டி அங்கேயே நிற்கிறது.

இந்த வண்டிகளின் நேரமெல்லாம் செல்போனில் வராது. கூகுள் மேப்பில் மலைக்கிராமத்து பஸ் அநேகமாக இருப்பதே இல்லை. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் பெயின்டில் எழுதிய கால அட்டவணை இருக்கும். அதில் பாதி அழிந்திருக்கும், மீதியில் சினிமா போஸ்டர் ஒட்டியிருக்கும். நம்பத் தகுந்த ஆள் டைம் கீப்பர்தான். நாமக்கல்லில் ஒருமுறை நடந்த பேச்சு இது:

“அண்ணே, கொல்லிமலைக்கு ஹால்ட் வண்டி எது எதுங்க?”

“எந்த ஊருக்குப் போகணும்?”

“எந்த ஊரா இருந்தாலும் சரிங்ண்ணே.”

பேனாவைக் கீழே வைத்தார். “என்ன வேலையா போறீங்க?”

“சும்மா, நடக்கலாம்னு.”

“நடக்கறதுக்கு எதுக்குங்க பஸ்ஸு?”

கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அப்புறம் எந்த வண்டி எந்த ‘நாட்டுக்கு’ப் போகிறது, எது மழைக்காலத்தில் பாதியிலேயே திரும்பிவிடும், எந்த ஊரில் சாப்பாடு கிடைக்கும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதியே கொடுத்தார். எந்தப் பயண இணையதளத்திலும் இந்தத் தரத்தில் தகவல் பார்த்ததில்லை.

‘நாடு’ என்றது கொல்லிமலையின் சொந்தக் கணக்கு. வளவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு என்று மலை முழுக்கவே நாடு நாடாகப் பிரிந்து கிடக்கிறது. டவுனிலிருந்து வருகிற கூட்டம் இதில் இரண்டு மூன்று இடத்தைத் தாண்டிப் போவதில்லை. 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையோடு படம் எடுத்து, அறப்பளீஸ்வரர் கோயிலில் கும்பிட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட படி இறங்கி ஆகாய கங்கையில் குளித்து, முழங்கால் நடுங்க ஏறி வந்து, அன்னாசிப்பழம் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அருவி முந்நூறு அடி உயரத்திலிருந்து விழுகிறது, பார்க்க வேண்டிய காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அமைதிக்காக அங்கே போகக் கூடாது. ஆடி 18 சமயத்தில் வல்வில் ஓரி விழாவும் சேர்ந்துகொண்டால் செம்மேட்டில் நிற்கவே இடம் இருக்காது.

செம்மேட்டில் இறங்காமல் உட்கார்ந்திருங்கள். அதுதான் சூட்சுமம். சுற்றுலா வந்தவர்கள் இறங்கியதும் வண்டியின் குணமே மாறிவிடும். கண்டக்டர் டிக்கெட் பையை இடுப்பில் தள்ளிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்வார். யாரோ ஒரு ஆயா பலாப்பழத்தை நம் காலடியில் உருட்டிவிட்டு, “பாத்துக்க சாமி” என்பார். இரண்டு பக்கமும் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்கள், அதன் கீழே காபி, நடுநடுவே மரவள்ளி, படிக்கட்டு வயலில் நெல். கடைசி நிறுத்தத்தில் நாலைந்து பேர் இறங்குவோம். அங்கிருந்து அரை மணி நேரம் ஏதாவது ஒரு மண்பாதையில் நடந்தால் போதும், மோட்டார் சத்தம் அறுந்துவிடும். எந்தப் பாதை என்று டீக்கடையில் கேட்டுக்கொள்ளலாம். பாறையின் பெயர், ஓடையின் பெயர் எல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை. ரீல்ஸ் போடுகிற யாராவது படித்துத் தொலைத்தால் அடுத்த மாதமே அங்கே பஜ்ஜிக் கடை வந்துவிடும்.

வழி கேட்டு மலையேறுவது நமக்குப் புதிதில்லை. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்று ஒரு நூல் இருக்கிறது, 583 அடி. செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்புகிற கூத்தன், எதிரே வருகிற கூத்தர் கூட்டத்துக்கு மலை வழி சொல்வதாகப் பெருங்கௌசிகனார் பாடியது. எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருக்கிறார்கள், எங்கே வழுக்கும், எந்தக் குழியில் பாம்பு இருக்கும், தினைப்புனத்துக் காவலாளி வீசும் கவண்கல்லிலிருந்து எப்படி ஒதுங்குவது, இருட்டினால் எங்கே தங்குவது, எந்தக் குடியிருப்பில் சோறு கிடைக்கும் என்று ஒன்று விடாமல் வருகிறது. ஜவ்வாது மலைக்குத் தெற்கே, திருவண்ணாமலைக்குப் போகிற வழியில் அதே செங்கம் இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டோடு இருக்கிறது. மலைப் பயண வழிகாட்டி என்று நான் யாருக்காவது ஒரு புத்தகம் பரிந்துரைத்தால், முதலில் இதைத்தான் சொல்வேன். உரையோடு படியுங்கள்.

இனி கூடாரத்துக்கு வருகிறேன். இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள். ஸ்காட்லாந்து வீடியோவைப் பார்த்துவிட்டு, நம்மூரிலும் எங்கே வேண்டுமானாலும் கூடாரம் அடிக்கலாம் என்று நினைத்துக் கிளம்புகிறவர்கள் உண்டு. அடிக்க முடியாது. ‘காப்புக்காடு’ என்று பலகை இருக்கிற இடத்தில் அனுமதியில்லாமல் நுழைவதே 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். வாச்சர் பிடித்தால் பாரஸ்ட் ஆபீசில் உட்கார வைத்து அபராதம் போடுவார்கள். போடட்டும், சரிதான் என்பது என் கட்சி.

பட்டா நிலம் வேறு. கொல்லிமலை, ஏற்காடு, சிறுமலை, ஏலகிரி, ஜவ்வாது மலை இங்கெல்லாம் காட்டுக்கு நடுவே ஊரும் வயலும் தோட்டமும் உண்டு. நிலத்துக்காரர் சம்மதித்தால் அவர் தோட்டத்து ஓரத்தில் கூடாரம் போடலாம். சம்மதம் வாங்குவது கஷ்டமில்லை, அவர்களைப் புரியவைப்பதுதான் கஷ்டம். “ஒரு ராத்திரி இங்க கூடாரம் போட்டுக்கட்டுங்களாண்ணா?” என்று கேட்டால் உடனே வருகிற பதில், “பனி கொட்டுமே தம்பி. திண்ணை சும்மாதானே கிடக்குது, வந்து படுத்துக்க.” திண்ணையைப் பார்த்தால் கூடாரத்தைவிட நன்றாகத்தான் இருக்கும். சில நாள் திண்ணையிலேயே படுத்திருக்கிறேன், கூடாரம் பையைவிட்டு வெளியே வராமலே வீடு திரும்பியிருக்கிறது. காசு நீட்டினால் வாங்க மாட்டார்கள், முகம் வேறு மாறிவிடும். அரைக்கிலோ மிளகோ, காபிக்கொட்டையோ, மலைவாழைத் தாரோ அவர்கள் சொல்கிற விலைக்குப் பேரம் பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் மரியாதை.

யானை இருக்கிற மலையில் கூடாரம் வேண்டவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. வால்பாறை, டாப்சிலிப், சத்தியமங்கலம், மேகமலை, கூடலூர்ப் பக்கம் எல்லாம் கூரையும் சுவரும் இருக்கிற அறையில் தூங்குங்கள். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில், பணம் கட்டித் தங்குகிற ரிசார்ட்டின் கூடாரத்தில் இருந்த ஒரு பெண் யானை தாக்கி இறந்தார். வால்பாறையில் சிறுத்தை தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே நடமாடுகிறது. அந்த ஊர்க்காரர்களே பொழுது சாய்ந்தால் தனியாக நடப்பதில்லை. பொள்ளாச்சியிலிருந்து 40 வளைவு ஏறும் அந்த பஸ் பயணம் அற்புதமானது. ஆழியாறு அணை கீழே சிறுத்துக்கொண்டே போவதை ஜன்னலில் பார்த்துக்கொண்டு போகலாம். அதோடு நிறுத்திக்கொண்டு ராத்திரிக்கு லாட்ஜுக்குப் போய்விட வேண்டும். சத்தியமங்கலத்திலிருந்து திம்பத்தின் 27 வளைவு ஏறி தாளவாடிக்குப் போகும் பஸ்ஸும் அப்படித்தான். ஜன்னல் சீட் போதும், இறங்கி நடக்கிற இடமில்லை அது.

கொல்லிமலை, ஏற்காடு, பச்சைமலை போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் யானைக் கூட்டம் நிரந்தரமாகக் கிடையாது. அதனால்தான் கூடாரத்துக்கு நான் எப்போதும் கிழக்கே பார்க்கிறேன். அதற்காக அங்கே ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. ஏற்காட்டிலும் சிறுமலையிலும் காட்டுமாடு உண்டு, கொல்லிமலையில் கரடி உண்டு. பலாப்பழ சீசனில் மரத்தடியில் கூடாரம் போடுகிறவனைக் கரடிக்கு முன்னால் ஊர்க்காரர்களே திட்டுவார்கள்.

பஸ்ஸில் போகிறவனுக்கு இன்னொரு பெரிய வசதி இருக்கிறது. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வர வேண்டியதில்லை. காரை அடிவாரத்தில் விட்டவன் எவ்வளவு தூரம் நடந்தாலும் அந்தக் காரை நோக்கியே நடக்க வேண்டும். நமக்கு ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கலாம், இரண்டு பக்கமும் நம் வண்டிதான். கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்குகிற பழைய பாதை இதற்கு அருமையான உதாரணம். மேலே குளிரில் போர்வையோடு கிளம்பி, சோலை, காபித் தோட்டம், புல்மேடு எல்லாம் தாண்டி, கீழே பெரியகுளத்து வெயிலில் வந்து விழலாம். பெரியகுளத்திலிருந்து ஊருக்கு பஸ் எந்நேரமும் உண்டு. வெள்ளகவிக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊரே கோயில் மாதிரி என்பது அவர்கள் வழக்கம், ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. முட்டி பலவீனமானவர்கள் யோசித்துச் செல்லுங்கள், இறக்கம் ஏற்றத்தைவிட மோசம்.

இந்த மாதிரி வனப் பாதைகளுக்கு அனுமதி வேண்டும், வழிகாட்டி வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த வருஷமே மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. விதிகள் வந்தனவே தவிர, அனுமதி எங்கே வாங்குவது என்று தெரியாமல் பல வருஷம் ரேஞ்சர் ஆபீஸ் வாசலில் நின்றோம். 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 14 மாவட்டங்களில் 40 பாதைகளுக்கு இணையத்திலேயே பதிவு செய்கிற திட்டத்தை அரசு கொண்டுவந்தது. குறைந்த சிரமம், நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். கூட வருகிற வழிகாட்டிகள் அந்தந்த மலையூர் இளைஞர்கள், பலர் பழங்குடியினர். கட்டணம் அதிகம் என்று புலம்புகிறவர்கள் உண்டு. ஒரு நாள் முழுக்கக் கூட நடந்து, எந்தச் செடியைத் தொடக் கூடாது என்று சொல்லித் தருகிற ஆளுக்கு அது அதிகமில்லை. எனக்குள்ள ஒரே மனக்குறை, பெரும்பாலும் பகல் நடையோடு முடிந்துவிடுகிறது என்பதுதான். காட்டுக்குள் வனத்துறையே நாலு இடத்தில் முறைப்படி கூடாரத் தளம் அமைத்தால், திருட்டுத்தனமாகப் போகிற கூட்டம் பாதியாகக் குறையும்.

சென்னைக்காரர்களுக்கு அந்தப் பட்டியலில் ஒரு நல்ல இடம் இருக்கிறது, குடியம் குகைகள். சென்ட்ரலிலிருந்து திருவள்ளூருக்கு மின்சார ரயில், அங்கிருந்து பூண்டிப் பக்கம் போகிற பஸ். குகை என்றால் சின்னப் பொந்து இல்லை. கூழாங்கல் பதித்த மாதிரியான செம்பாறை கூரையாக வளைந்து நிற்கிறது, மேலே தேன்கூடுகள். பக்கத்து அத்திரம்பாக்கத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863லேயே கற்காலக் கருவிகள் எடுத்தார். அங்கே கிடைத்தவற்றில் மிகப் பழையவை 15 லட்சம் வருஷத்துக்கு முந்தையவை என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். வார நாளில் போனால் காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். மரம் குறைவு, வெயில் மண்டையைப் பிளக்கும், தண்ணீர் தாராளமாகக் கொண்டுபோங்கள்.

ஏலகிரிக்கு ஜோலார்பேட்டை வரை ரயில், பிறகு 14 வளைவு பஸ். மலைமேல் படகுத்துறைக் கூட்டத்தை விட்டு விலகி மங்களம் கிராமத்துக்குப் போய்ச் சுவாமிமலை உச்சிக்கு ஏறலாம், அதுவும் அந்த நாற்பதில் ஒன்று. திண்டுக்கல்லிலிருந்து சிறுமலை 18 வளைவு. பழையூர், புதூர், தென்மலை என்று ஊர்ப்பெயர் போட்ட பஸ்கள் போகும். மலைவாழையையும் எலுமிச்சையையும் மூட்டையாகக் கட்டிக் குதிரைமேல் ஏற்றி இறக்குகிறவர்களை அங்கே பார்க்கலாம். பச்சைமலைக்குத் துறையூரிலிருந்து டாப் செங்காட்டுப்பட்டி பஸ். வனத்துறைத் தங்குமிடமும் அங்கே உண்டு, மங்களம் அருவி நடக்கிற தூரம்தான். ஏற்காட்டில் ஏரியைச் சுற்றுகிறவர்கள் சுற்றட்டும். நாகலூர்ப் பக்கம் போகிற ஊர் பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.

நீலகிரிக்கு நான் அதிகம் போவதில்லை, கூட்டம் ஆகாது. ஆனால் பஸ்காரர்களுக்கு அங்கே ஒரு சலுகை கிடைத்திருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. கல்லாறு சோதனைச் சாவடியில் கார்கள் வரிசையில் நிற்கும்போது பஸ் ஜன்னலிலிருந்து கையாட்டிக்கொண்டு போகலாம், நான் ஆட்டியிருக்கிறேன். மேட்டுப்பாளையம் மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே ஓடுகிற ரயில்களில் இடம் கிடைப்பது சற்றே எளிது. அதில் கேத்தியிலோ லவ்டேலிலோ இறங்கி, சாலை வழியே ஊட்டிக்கு நடந்துவிடலாம். தண்டவாளத்தில் நடக்காதீர்கள், குற்றம். கோத்தகிரி ஊருக்குப் பக்கத்திலேயே லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர், 2024ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சோலைக்காடு. உள்ளே போனால் மத்தியானத்திலும் வெளிச்சம் பச்சையாகத்தான் இறங்கும். அதுவும் பதிவு செய்து போகிற பாதைதான். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை மாவட்ட எல்லையிலேயே பிடுங்கிவிடுவார்கள். ஸ்டீல் பாட்டிலோடு போங்கள்.

இருட்டுக்காகவே போக வேண்டிய மலை ஒன்று உண்டென்றால் அது ஜவ்வாது. வாணியம்பாடியில் ரயிலிறங்கி ஆலங்காயம் வழியாகப் போகிற பஸ்ஸில் காவலூர். வானியலாளர் வைணு பாப்பு அங்கே வான் ஆய்வகத்தை அமைத்ததற்கு நல்ல இருட்டான வானமும் ஒரு காரணம். 1986ல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு இப்போது அவர் பெயர்தான். 1988ல் அங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம், மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது. கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கி கிடைக்காவிட்டாலும் மோசமில்லை. அங்கிருந்து ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஏதாவது ஒரு சாமைக் கொல்லை ஓரத்தில், கேட்டுக்கொண்டு, பாயை விரித்துப் படுத்தால் பால்வீதி கண்ணுக்கே தெரியும். டார்ச்சை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பைக்குள் என்ன வைப்பது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பஸ்ஸுக்கென்று ஒரு அளவு இருக்கிறது: உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ள முடியாத பையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகாதீர்கள். அடுப்பு வேண்டாம். கேஸ் டப்பாவை ரயிலில் கொண்டுபோகக் கூடாது, பஸ்ஸில் கண்டக்டர் பார்த்தால் இறக்கிவிடுவார். எதற்கு அடுப்பு? புளியோதரை ஒரு நாள் தாங்கும். அவல், வெல்லம், வறுத்த நிலக்கடலை, பேரீச்சை, இவற்றோடு டீக்கடை இருக்கிறது. தீ மூட்டுவது அறவே கூடாது. காய்ந்த புல்மேட்டில் ஒரு பொறி போதும். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஓடையும் மேடும் அதில் தெளிவாகத் தெரியும். ஆர்கானிக் மேப்ஸ் செயலியில் அந்தப் பகுதியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். காலைக்கடனுக்கு ஒரு சின்ன மண்வெட்டிக் கரண்டி. ஓடையிலிருந்து நன்றாகத் தள்ளிப் போய்க் குழி தோண்டி மூடுங்கள். அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கீழே ஒரு ஊர் குடிக்கிறது.

பெண்கள் போகலாமா என்று கேட்டால், என் மனைவி சொன்னதையே சொல்கிறேன். அவளுக்குக் கூடாரத்தைவிட ஊருக்குள் பெண்கள் இருக்கிற வீடுதான் பிடிக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அக்காவிடம் பேச்சுக் கொடுத்தே பாதி வழியில் தங்க இடம் பிடித்துவிடுவாள். நான் டைம் கீப்பரிடம் கேட்டு வாங்கிய தகவலைவிட அவள் தகவல் பெரும்பாலும் சரியாக இருக்கும். டிக்கெட் விஷயத்திலும் அவளுக்கு யோகம்தான்: 2021 முதல் சாதாரணக் கட்டண நகர பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை, 2024-25 பட்ஜெட்டில் மலைப்பகுதிகளுக்கும் அதை நீட்டிப்பதாக அறிவித்தார்கள். எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது போவது? வடகிழக்குப் பருவமழை அடங்கி, ஓடையில் இன்னும் தண்ணீர் இருக்கிற தை மாதம்தான் கிழக்கு மலைகளுக்குச் சரியான காலம். பொங்கல் விடுமுறையை மட்டும் விட்டுவிடுங்கள், செவ்வாய் புதனில் லீவு கிடைத்தால் உத்தமம். பிப்ரவரி 15க்குப் பிறகு தீக்காலம், ஏப்ரல் 15 வரை வனப் பாதைகளை மூடிவிடுவார்கள். அந்த இரண்டு மாதம் காட்டுப் பக்கம் போகாதீர்கள், யாராவது ரகசியமாகக் கூட்டிப்போகிறேன் என்றாலும் போகாதீர்கள். உங்கள் ஊர் ஹால்ட் வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று இப்போதே பஸ் ஸ்டாண்டில் விசாரித்து வையுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போனால் டைம் கீப்பருக்குப் பதில் சொல்ல நேரமிருக்காது.